ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே

ஜூன் பிறந்துவிட்டால் எனக்குச் சாயங்காலம் போதாமல் போய்விடுகிறது. சென்னையில் ஆறரை மணி சுமாருக்குச் சூரியன் இறங்கும். அடுத்த அரை மணிக்குள் தெருவிளக்கு எரியத் தொடங்கிவிடும். மார்கழிக்கும் ஆனிக்கும் பார்த்தால்கூட இதில் ஒரு மணி நேர வித்தியாசம் தேறாது. நியூயார்க்கில் அப்படி இல்லை. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய எட்டரை ஆகும். மறைந்த பிறகும் வானத்தில் வெளிச்சம் ஒன்பது மணிவரை தங்கியிருக்கும். அந்த நீண்ட சாயங்காலங்களிலும் திங்கட்கிழமைச் சாயங்காலங்கள் தனி. நான் அங்கே இருந்தபோது மன்ஹாட்டனின் நட்டநடுவில், பிரையண்ட் பார்க்கின் புல்தரையில், ஆயிரக்கணக்கான பேர் வந்து உட்கார்ந்து இருட்டுவதற்காகக் காத்திருப்போம். இருட்டினால்தானே திரையில் படம் தெரியும்.

அங்கே பார்த்த படங்கள் எல்லாமே இன்றைக்கு வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி பார்க்கக் கிடைப்பவை. நான் ஏங்குவது அந்தக் காத்திருப்புக்கு.

பிரையண்ட் பார்க் பெரிய பூங்கா இல்லை. ஐந்தாம் அவென்யூவில் இரண்டு கல் சிங்கங்கள் காவல் இருக்கும் நியூயார்க் பொது நூலகத்தின் முதுகுப்புறம், நாற்பதாவது தெருவுக்கும் நாற்பத்திரண்டாவது தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. நீள்சதுரமாய் ஒரு புல்தரை. அதன் இரு பக்கமும் சரளைக்கல் பாதை, பாதை நெடுக லண்டன் பிளேன் மரங்கள், மரத்தடிகளில் இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய பச்சை இரும்பு நாற்காலிகள். மேற்குக் கோடியில், ஆறாம் அவென்யூ பக்கம், ஜோசஃபின் ஷா லோவெல் என்ற சமூகத் தொண்டரின் நினைவாக 1912இல் கட்டிய கருங்கல் நீரூற்று. தெற்கே தலையைத் திருப்பினால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி. புல்லுக்கடியில் வெறும் மண் என்று நினைத்துவிட வேண்டாம், சில அடி கீழே நூலகத்தின் புத்தகக் கிடங்கு. லட்சக்கணக்கான புத்தகங்களின் மேல் பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷத்தைத் தரும்.

என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் ஓர் அம்மையார் இருந்தார், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் முதல் தடவை படத்துக்குக் கிளம்பியபோது, எண்பதுகளில் அந்தப் பூங்காவுக்குள் தான் கால் வைத்ததே கிடையாது, சுற்றிக்கொண்டுதான் போவேன் என்றார். போதைமருந்து விற்பவர்களின் இடமாக இருந்தது அது. 1934இல் சீரமைத்தபோது தெருமட்டத்துக்கு மேலே உயர்த்திச் சுற்றிலும் வேலியும் புதர்ச்செடிகளும் வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே வர வழி குறைவு. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் நகரத்தின் பொது இடங்களில் மனிதர்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கேமரா வைத்துப் பல ஆண்டு கவனித்தவர். வேலியை எடுங்கள், வாசலை அகலமாக்குங்கள், நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போடுங்கள் என்று அவர் சொன்ன யோசனைகள்தான் அந்தப் பூங்காவை மீட்டன. 1988இல் மூடி, வேலையெல்லாம் முடித்து 1992இல் திறந்தார்கள். அதை அடுத்துக் கோடைப்படங்களும் தொடங்கின. ஹெச்பிஓ நிறுவனத்தின் ஆதரவு, டிக்கெட் கிடையாது.

அந்த வைட் கவனித்த இன்னொரு விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. ஓர் இடத்தில் பெண்கள் வந்து உட்காருகிறார்களா என்று பார், அது நல்ல இடமா இல்லையா என்பது தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. திங்கட்கிழமை ராத்திரிகளில் பிரையண்ட் பார்க்கில் யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையே இருந்ததில்லை. கல்லூரிப் பெண்கள், ஆபீஸ் முடித்து வந்தவர்கள், தனியாகப் புத்தகத்தோடு வந்த பாட்டிகள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்ட தாய்மார்கள். அங்கிருக்கும் பொதுக் கழிப்பறையில் பெரிய ஜாடியில் வாடாத பூங்கொத்து வைத்திருப்பார்கள், மெல்லிய சங்கீதம் ஒலிக்கும். நாலைந்து மணி நேரம் வெளியில் உட்கார வேண்டிய ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெண்களுக்குத் தெரியும்.

மாலை ஐந்து மணிக்குப் புல்தரையைத் திறப்பார்கள். நாலரைக்கே சரளைப் பாதைகளில் நிற்க இடமிருக்காது. கக்கத்தில் சுருட்டிய போர்வையோடு எல்லோரும் ஒரு காலை முன்னால் வைத்துத் தயாராக நிற்பார்கள். ஐந்தடித்ததும் நாலா பக்கத்திலிருந்தும் ஓட்டம். கோட்டுப் போட்டவர், ஹீல்ஸைக் கையில் தூக்கிக்கொண்டவர், பிள்ளையைத் தோளில் வைத்தவர், எல்லோரும் ஓடுவார்கள். ஓடிப் போய்ப் போர்வையை உதறி விரிக்க வேண்டும். அது தரையைத் தொட்ட இடம் உங்களுடையது. திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே சண்டை வராது. இரண்டு நிமிஷத்தில் அந்தப் பச்சை முழுக்கப் பூப்போட்ட துணியும் கட்டம்போட்ட துணியுமாக மூடிவிடும். அதற்குப் பிறகு எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்துப் போர்வைக்காரரைப் பார்த்துச் சிரிப்போம்.

சில கட்டுப்பாடுகள் இருந்தன. புல்லின் மேல் நாற்காலி கூடாது, மேஜை கூடாது, நாய் கூடாது, பிளாஸ்டிக் விரிப்பு கூடாது. பிளாஸ்டிக்குக்குக் கீழே புல் வெந்துபோகும். நாற்காலி கூடாது என்பதன் நல்லது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதலாளியும் பியூனும் ஒரே உயரத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஒருத்தர் தலை இன்னொருத்தருக்கு மறைக்காது.

எங்கள் கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. அன்றைக்கு யாருக்கு ஆபீஸிலிருந்து சீக்கிரம் நழுவ முடிகிறதோ அவர் இடம் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் சாப்பாடு கொண்டுவர வேண்டும். நான் குவீன்ஸில் ஃபிளஷிங் பக்கம் குடியிருந்தேன். பூங்காவுக்குக் கீழேயே ஏழாம் எண் சப்வே ரயிலின் நிறுத்தம். அந்த ரயிலின் மறுகோடியில், ஃபிளஷிங்கில், 1977இல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயில். அதன் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமையே புளியோதரை வாங்கி வைத்துவிடுவேன். ஒருநாள் வைத்திருந்த புளியோதரைக்கு ஈடு கிடையாது. மதுரைக்காரத் தோழி வறுத்த அப்பளத்தை உடையாமல் கொண்டுவரும் வித்தை தெரிந்தவள். பெங்காலித் தோழி ஒருத்தி ஜால்முரி என்ற காரப்பொரி கலக்க வெங்காயம், பச்சைமிளகாய், கடுகெண்ணெய் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் எடுத்துவந்து உட்கார்ந்து கலப்பாள். கடுகெண்ணெய் நெடி நாலு போர்வை தாண்டிப் போகும். திரும்பிப் பார்த்தவர்களுக்கெல்லாம் காகிதத்தில் ஒரு பிடி.

இதெல்லாம் முடிந்தாலும் மணி ஆறரைதான் ஆகியிருக்கும். இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நியூயார்க்கில் யாரிடமும் நேரம் இருக்காது. ரயில் இரண்டு நிமிஷம் தாமதமானால் நடைமேடையே முணுமுணுக்கும். தெருவில் மெதுவாக நடந்தால் பின்னால் வருபவர் உச்சுக்கொட்டுவார். அப்படிப்பட்டவர்கள்தான் இங்கே ஒரு முழுச் சாயங்காலத்தைக் கீழே கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சூரியனிடம் போய் யாரும் சீக்கிரம் போ என்று சொல்ல முடியாது. இடத்தை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து சேர்வது பாடு. வேறு வழியில்லாமல் எல்லோரும் மனிதர்களாகிவிடுவார்கள். சீட்டாடுவார்கள். மல்லாந்து படுத்து முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்குவார்கள். பக்கத்துப் போர்வைப் பையன் நம் போர்வைக்குத் தவழ்ந்து வருவான். அவனைத் திருப்பிக் கொடுக்கப் போய் அவன் அம்மாவிடம் பேச்சு ஆரம்பிக்கும்: எந்த ஊர், எந்தப் பேட்டையில் வீடு, வாடகை எவ்வளவு. நியூயார்க்கில் வாடகையைப் பற்றிப் பேசாமல் எந்த நட்பும் தொடங்குவதில்லை. அந்தப் புல்லில் பழக்கமான ஒரு கொரியத் தம்பதி எனக்கு வீடு மாற்ற வேன் பிடித்துக் கொடுத்தார்கள். என் பட்டப்படிப்புச் சான்றிதழை எங்கே மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்று எனக்குச் சொன்னவர் கயானாவிலிருந்து வந்த ஒரு நர்ஸம்மா. அவருடைய கொள்ளுத்தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவராம்.

திரை மேற்குக் கோடியில் நின்றது. ஆகவே நாங்கள் எல்லோரும் சூரியன் மறையும் திசையைப் பார்த்தே உட்கார்ந்திருப்போம். படம் தொடங்குமுன் பார்க்கக் கிடைத்த படம் அதுதான். கண்ணாடிக் கட்டடங்களில் வெளிச்சம் மேலே மேலே ஏறிப் போகும். முதலில் தெரு இருட்டும், பிறகு பத்தாவது மாடி, முப்பதாவது மாடி. தெற்குப் பக்கத்தில் கறுப்புச் செங்கல்லும் தங்கமுடியுமாக நிற்கிறதே 1924இல் கட்டிய அமெரிக்கன் ரேடியேட்டர் கட்டடம், அதன் பொன் உச்சி கடைசிவரை மின்னிக்கொண்டிருக்கும். மன்ஹாட்டனின் தெருக்கள் நேர் கிழக்கு மேற்காக ஓடாமல் வடக்கே சாய்ந்தவை. அதனால் மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் சரியாகத் தெருவின் வாய்க்குள்ளேயே போய் விழும். நாற்பத்திரண்டாவது தெருவில் ஜனங்கள் நடுரோட்டில் இறங்கிப் படம் பிடிப்பார்கள், டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்து மாய்வார்கள். அந்தச் சத்தம் மரங்களைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். எங்களுக்கு அவசரமில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒரு கைத்தட்டல் கிளம்பும். திரையில் பக்ஸ் பன்னி முயல் வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் ஒரு கார்ட்டூன் போடுவார்கள், அப்போது வானம் இன்னும் நீலமாகத்தான் இருக்கும், படம் வெளிறித் தெரியும். கார்ட்டூன் முடிந்ததும் எண்பதுகளில் ஹெச்பிஓ தொலைக்காட்சி படத்துக்கு முன் போட்ட பழைய அறிமுக இசை ஒலிக்கும், கேமரா ஒரு பொம்மை நகரத்தின் மேல் பறந்து போகும். அவ்வளவுதான், புல்தரையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து ஆடுவார்கள். சின்ன வயதில் அந்த இசைக்காகத் தொலைக்காட்சி முன்னால் காத்துக் கிடந்தவர்கள், நரைத்த தலையோடு இரண்டு கையையும் தூக்கி ஆடுவார்கள். அந்த இசைக்கும் எனக்கும் பால்ய உறவு கிடையாது. ஆனாலும் ஆடினேன். எழுந்து நின்ற கூட்டத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. இசை ஒரு நிமிஷம்தான். முடிந்ததும் ஆயிரக்கணக்கான பேர் சிரித்தபடி ஒரே நேரத்தில் உட்காருவார்கள். 2014இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ போட்ட அன்றைக்கு மட்டும் படத்துக்கு நடுவிலும் ஆட்டம் தொடர்ந்தது.

படம் பார்ப்பதற்குத் தோதான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் சைரன் வசனத்தின் மேல் ஏறும். ஆறாம் அவென்யூவில் பஸ் பெருமூச்சு விட்டு நிற்கும். இடுப்பு நோகும், புல்லின் ஈரம் ஒன்பதரைக்குமேல் போர்வையைத் தாண்டி வரும். புரூக்ளின் பாலத்தடிப் பூங்காவில் வியாழக்கிழமைகளில் போட்ட படங்களுக்கும் போயிருக்கிறேன். அங்கே திரைக்குப் பின்னால் மொத்த மன்ஹாட்டனும் விளக்கேற்றி நிற்கும், பார்க்க அழகு. ஆனால் பிரையண்ட் பார்க்கில்தான் நான் ஊருக்கு நடுவில், ஊரோடு உட்கார்ந்திருந்தேன்.

2012 கோடையில் அம்மா வந்திருந்தாள். அந்த ஆண்டு முதல் படம் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’. மூட்டுவலியால் அம்மாவால் தரையில் உட்கார முடியாது. சரளைப் பாதை ஓரத்தில், மரத்தடியில், பச்சை நாற்காலி ஒன்றைப் பிடித்து உட்காரவைத்தேன். தோழிகளைப் புல்லில் விட்டுவிட்டு அவள் பக்கத்தில் நானும். அடுத்த நாற்காலியில் அம்மா வயதிலேயே ஒரு கறுப்பின அம்மாள், மடியில் பின்னல் ஊசியும் நூலும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பின்னலைக் கீழே வைத்தார். பாவாடையை முழங்காலுக்குமேல் இழுத்துக் காட்டினார். நேராக ஒரு நீளத் தழும்பு. இன்னொரு காலையும் காட்டினார், அதிலும் ஒன்று. பிறகு எழுந்து, அம்மா பார்க்க, மரத்திலிருந்து மரத்துக்கு நாலு எட்டு நடந்து காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“கேளுடி, எத்தனை நாள் படுக்கையில இருந்தாங்கன்னு.”

கேட்டேன். மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள், வலி உயிர் போயிற்று, முதல் மாசம் அழுதேன், இப்போது தேவாலயத்தில் நின்றே பாடுகிறேன் என்றார். ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டாள். படி ஏற முடிகிறதா, சமையலுக்கு நிற்க முடிகிறதா, இரண்டு காலையும் ஒன்றாகச் செய்தார்களா, தனித்தனியா. சென்னையில் மூன்று டாக்டர்களிடம் காட்டியும் கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்தவள் என் அம்மா. வெளிச்சம் குறைந்து முகங்கள் மங்கும்வரை இரண்டு பேரும் நடுவில் நான் பேச, பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் நான் தண்ணீர் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது, அவரவர் பாஷையில்.

குளியலறைக் காட்சி வந்தது. புல்தரை முழுக்க ஒரே அலறல். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்கள்தான் அதிகமாய் அலறினார்கள். அந்த அம்மாள் சட்டென்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிகிறவரை அம்மா கையை எடுக்கவில்லை. ராத்திரி ரயிலில், “‘அதே கண்கள்’ படம் பார்த்தப்போ உங்க அப்பா கையை இப்படித்தான் பிடிச்சிக்கிட்டேன்” என்றாள். பிறகு அவளாகவே மன்னார்குடிப் பக்கத்து டூரிங் கொட்டகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கவாட்டில் திறந்த கொட்டகை, வெளிச்சம் இருக்கும்வரை ஆட்டம் தொடங்க முடியாது, பக்திப் பாட்டு ரெக்கார்டு கேட்டதும் ஜனம் கிளம்பும், மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்களாம். “அங்கயும் இருட்டற வரைக்கும் ஊர்க்கதைதான்” என்றாள். ஃபிளஷிங் வரைக்கும் தூங்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு அவளே டாக்டருக்குப் போன் செய்து தேதி கேட்டாள்.

ஹெச்பிஓ தன் ஆதரவில் நடத்திய கடைசிக் கோடை 2019. அடுத்த வருஷம் கொரோனா. பிறகு வேறு நிறுவனத்தின் ஆதரவில் படங்கள் மறுபடி வந்தன. அந்த நடனம் மட்டும் வரவில்லை. நான் அதற்கு முன்பே மூட்டைகட்டிச் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கே நல்ல தியேட்டர்கள் இருக்கின்றன, குஷன் சீட்டு, குளிர்ச்சி, துல்லியமான சத்தம். பத்து நிமிஷம் முன்னால் போனால் போதும், போன் வெளிச்சத்தில் சீட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் முகம் இடைவேளையில்தான் தெரியும், அப்போதும் அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்காவின் மரங்களுக்கடியில் நடக்கும்போதெல்லாம் என் கண் தானாக அளவெடுக்கும்: இந்தப் பக்கம் திரை கட்டலாம், ஜனங்கள் இங்கே ஜமக்காளம் விரிக்கலாம், தை மாசி என்றால் புழுக்கமும் இருக்காது. ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் ஊர், ஆகவே நாலு மணிக்கே திறந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஜனங்கள் சும்மா உட்கார வேண்டாமா? ராத்திரியில் படம் விட்டு, ஒரு பெண் தனியாக ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் நான் போனேன்.

போன வாரம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அரைக்கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஆபரேஷனான காலோடு தரையில் சம்மணம் போடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, மாடிப்படியெல்லாம் தாராளமாக ஏறுகிறாள்.

“அங்க போறதா இருந்தா சொல்லுடி, நானும் வரேன். எனக்கு அந்த ஓரத்து நாற்காலி போதும். அந்தம்மா வந்தா இந்தத் தடவை நானும் நடந்து காட்டணும்.”